புள்ளிப் பட்டியலில் பாதிதான் தெரியும்: யன்னாகிஸை முழு ஆட்டப் பதிவுகளில் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

பழைய கூடைப்பந்து ஆட்டங்களை முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை அப்படியே காட்டுவதாகச் சொல்லும் சந்தாச் சேவைகள் சில இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றில் நான் சந்தா செலுத்தி மூன்று மாதங்கள் ஆகின்றன. சேவையின் பெயரை இங்கே சொல்லவில்லை. நான் கண்ட நிறைகளும் குறைகளும் இவ்வகைச் சேவை எதை வாங்க நினைப்பவருக்கும் பயன்படக்கூடியவை என்பதால், வாங்குமுன் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்வதே இந்த மதிப்பீட்டின் நோக்கம்.

இந்த மூன்று மாதங்களில் நான் தேடித் தேடிப் பார்த்தது பெரும்பாலும் ஒரே மனிதரை. அவர் கிரீஸின் பனயோட்டிஸ் யன்னாகிஸ். ஐரோப்பியச் சாம்பியன் பட்டத்தைக் கிரீஸின் ஆடவர் அணி இதுவரை இருமுறை வென்றிருக்கிறது. 1987இல் வென்றபோது அவர் களத்தில் அணித் தலைவராக இருந்தார். 2005இல் வென்றபோது களத்தின் ஓரத்தில் தலைமைப் பயிற்சியாளராக நின்றார். ஒரு நாட்டின் கூடைப்பந்து வரலாற்றில் இரண்டு உச்சங்களிலும், இருவேறு வேலைகளில், ஒரே ஆள் நடுவில் இருப்பது அபூர்வம். ஆனால் நான் அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஐந்து நிமிட ஹைலைட்ஸ் காணொளியில் மிகக் குறைவாகவே அகப்படுகிற வீரர் அவர். புள்ளி குவிப்பதில் பேர்பெற்ற அவருடைய சக கிரேக்க வீரர் நிகோஸ் காலிஸின் ஆட்டத்தைக் காட்டி ரசிகரை மகிழ்விப்பது எந்தச் சேவைக்கும் எளிது. அவர் கூடையில் போட்ட பந்துகளை வரிசையாக ஒட்டிவிட்டால் போதும். யன்னாகிஸ் செய்ததைக் காட்ட வேண்டுமென்றால் ஆட்டத்தை முழுவதுமாகக் காட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே, ஒரு பதிவுச் சேவை பணத்துக்குப் பெறுமானமானதா என்று சோதிப்பதற்கு இவரைவிடப் பொருத்தமான வீரரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

யன்னாகிஸ் 1959ஆம் ஆண்டின் முதல் நாளன்று நிக்கேயாவில் பிறந்தார். பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பகுதி, 1922க்குப் பிறகு ஆசியா மைனரிலிருந்து வந்த கிரேக்க அகதிகள் குடியேறி உருவான ஊர். அங்கிருந்த இயோனிகோஸ் கழகத்துக்காகத்தான் அவர் முதலில் ஆடினார். 1981 ஜனவரியில் அரிஸ் அணிக்கு எதிராக நடந்த லீக் ஆட்டத்தில் அவர் தனியாளாக 73 புள்ளிகள் எடுத்தார். எதிரணியில் காலிஸ் 62 எடுத்தார். ஆட்டத்தை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் அரிஸ் வென்றது. களத்தில் மூன்று புள்ளிக் கோடு இல்லாத காலம் அது. சர்வதேச விதிகளில் அந்தக் கோடு 1984இல்தான் வந்தது. எவ்வளவு தூரத்திலிருந்து எறிந்தாலும் இரண்டே புள்ளி என்றிருந்த நாளில் 73 எடுத்திருக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவில் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் தேர்வின் 9ஆம் சுற்றில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி, 205ஆவது பெயராக, அவரைத் தேர்ந்தெடுத்தது. என்பிஏவில் அவர் ஆடவில்லை.

அந்த 1981 ஆட்டம் நான் சந்தா செலுத்தும் சேவையில் இல்லை. அதற்காக நான் குறைகூறப் போவதில்லை. அந்தக் காலத்து லீக் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒளிப்பதிவு இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆனால் அந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பத்தாண்டுகளின் பதிவுகளைப் பார்க்கத் தொடங்கினால், இந்த மனிதரின் வாழ்க்கையில் நடந்த மிகப் பெரிய மாற்றம் கண்ணெதிரே விரிகிறது.

1984இல் யன்னாகிஸ் தெசலோனிகி நகரத்து அரிஸ் கழகத்துக்கு மாறினார். அதாவது, தம்மை ஒரு புள்ளியில் தோற்கடித்த அதே அணிக்கு, காலிஸ் ஏற்கெனவே மையமாக வீற்றிருந்த அணிக்குச் சென்றார். ஒரே அணியில் இரண்டு பெரிய புள்ளிக்காரர்கள் சேர்ந்தால் பந்து யார் கையில் இருக்கும் என்ற கேள்வி எழாமல் இராது. அதற்கு யன்னாகிஸ் சொன்ன பதில் அந்தப் பதிவுகளில் ஆட்டத்துக்கு ஆட்டம் தெரிகிறது: பந்தைக் கொண்டுவருவது தம் வேலை, முடிப்பது காலிஸின் வேலை. 73 புள்ளி எடுத்த கை, பாஸ் கொடுக்கும் கையாக மாறியது. பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டுக்கு, அக்காலத்தில் 1.93 மீட்டர் உயரம் அதிகம். அந்த உயரத்தையும் அகன்ற தோளையும் வைத்துக்கொண்டு எதிரணியின் முதன்மையான வெளிவரிசை வீரரைக் கட்டிப்போடும் தடுப்பு வேலையையும் அவர் எடுத்துக்கொண்டார். கிரேக்க ரசிகர்கள் அவருக்கு வைத்த டிராகன் என்ற பட்டப்பெயர் இந்தத் தடுப்பாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு மிகை என்று தோன்றாது.

அவர் சேர்ந்த பிறகு 1985 முதல் 1991 வரை ஏழு ஆண்டுகளும் லீக் பட்டத்தை அரிஸே வென்றது. பயிற்சியாளர் யானிஸ் இயோனிடிஸின் கீழ் 1988, 1989, 1990 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கழகங்களுக்கான ஐரோப்பியக் கோப்பையின் இறுதி நால்வரில் அந்த அணி இடம்பிடித்தது. அரிஸ் ஐரோப்பிய ஆட்டங்களில் இறங்கிய வியாழக்கிழமை இரவுகளில் கிரீஸ் முழுவதும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது என்பார்கள். அந்த இரவுகளில் சிலவற்றைப் பதிவில் பார்க்க முடிந்தது. படம் மங்கல், பந்து சில சமயம் தரையின் நிறத்தோடு கலந்துவிடுகிறது, களத்தின் ஒரு பக்கத்தில் உயரத்தில் வைத்த ஒரே கேமராவிலிருந்து நீண்ட நேரம் காட்டுகிறார்கள். ஆனால் அந்த ஒரே கேமராதான் எனக்கு வரமாக அமைந்தது. பந்து இல்லாத நான்கு பேரும் என்ன செய்கிறார்கள் என்பது முழுவதும் சட்டகத்துக்குள் இருக்கிறது. காலிஸுக்குத் தடை போடப்படுவதைப் பார்த்த மறுகணம் யன்னாகிஸ் எந்தப் பக்கம் நகர்கிறார், யாரைக் கையசைத்து இடம் மாற்றுகிறார் என்பதெல்லாம் நெருங்கிய காட்சிகளை அடுக்கும் இன்றைய ஒளிபரப்பில் தெரியவே தெரியாது. படத் தெளிவை மட்டும் வைத்துப் பழைய பதிவுகளைத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1987 ஜூன் 14 அன்று பிரேயஸின் ஃபலிரோவில் உள்ள அமைதி மற்றும் நட்புறவு அரங்கில் நடந்த இறுதி ஆட்டத்தை நான் மூன்று முறை பார்த்தேன். கிரீஸ் காலிறுதியில் இத்தாலியையும் அரையிறுதியில் யூகோஸ்லாவியாவையும் தாண்டி வந்திருந்தது. எதிரே, அலெக்சாண்டர் கோமெல்ஸ்கி பயிற்றுவித்த சோவியத் அணி. ஆட்டம் 89–89 என்று சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போய், 103–101 என்று கிரீஸின் வெற்றியில் முடிந்தது. காலிஸ் 40 புள்ளிகள் எடுத்தார். நான்கு வினாடிகள் மீதமிருக்கையில் 101–101 என்ற நிலையில் ஆர்கிரிஸ் கம்பூரிஸ், எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் போட்டார். புள்ளி எடுப்பதற்காகப் பேர்பெற்றவர் அல்லர் அவர்; முட்டி மோதுவதற்கும், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுக்கும் களமிறக்கப்படும் பெரிய உடல்காரர். ஒரு நாட்டின் முதல் பட்டம் அவர் கையில் வந்து நின்றது. இந்தத் தகவல்கள் எல்லாம் புள்ளிப் பட்டியலிலேயே கிடைக்கும்.

பட்டியலில் கிடைக்காதது, அந்த நாற்பத்தைந்து நிமிடமும் ஆட்டத்தின் வேகத்தை யார் முடிவு செய்தார் என்பது. அன்றைய விதிப்படி ஒரு அணி பந்தை 30 வினாடி வரை வைத்திருக்கலாம். 24 வினாடி விதியும் நான்கு கால்பகுதி முறையும் 2000இல்தான் வந்தன. ஆகவே இருபது நிமிடப் பகுதி இரண்டும், இடையில் நீளமான தாக்குதல்களுமாக ஆட்டம் வேறு தாளத்தில் போகிறது. இன்றைய வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு முதல் பத்து நிமிடம் சற்றுச் சலிப்பூட்டும் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிறகு பழகிவிடும். அந்த 30 வினாடியை ஓர் அணித் தலைவர் எப்படிச் செலவிடுகிறார் என்பதைப் பார்க்கத் தொடங்கியதும் சலிப்பு போன இடம் தெரியவில்லை. அவசரமாக எறிந்துவிடலாம் என்ற இடங்களில் பந்தைத் திரும்ப வெளியே எடுத்து வருகிறார். எதிரணி மூச்சு வாங்கும் இடங்களில் உந்துகிறார். பயிற்சியாளர் கோஸ்டாஸ் போலிடிஸ் வெளியிலிருந்து கத்த வேண்டிய பாதி விஷயத்தை அவர் உள்ளேயே செய்துகொண்டிருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பயிற்சியாளர் யன்னாகிஸ் தொண்ணூறுகளின் இறுதியில் பிறந்தவர் அல்லர். எண்பதுகளின் நடுவில், காலிஸின் பக்கத்தில் நின்றபோதே உருவாகிவிட்டார் என்பது இந்த மூன்று மாதங்களில் நான் வந்து சேர்ந்த முடிவு.

அதற்குப் பிந்தைய ஆட்டக்காலத்தை விரைந்து கடந்துவிடலாம். 1989இல் ஜாக்ரெபில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் அரையிறுதியில் சோவியத் அணியை 81–80 என்று வென்ற கிரீஸ், இறுதியில் யூகோஸ்லாவியாவிடம் தோற்று வெள்ளி பெற்றது. 1993இல் அரிஸ் கழகத்தோடு ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையை வென்றார். 1996 ஏப்ரலில் பாரிஸில், 37ஆம் வயதில், பனதினைக்கோஸ் அணியோடு ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பையை வென்றார்; பார்சிலோனாவுக்கு எதிரான அந்த 67–66 வெற்றிதான் அந்தக் கோப்பையில் ஒரு கிரேக்கக் கழகம் பெற்ற முதல் பட்டம். கடைசி வினாடிகளில் பார்சிலோனாவின் மோன்டெரோ எறிந்ததைப் பனதினைக்கோஸின் ஸ்டோஜன் விரான்கோவிச் தடுத்ததுதான் எங்கும் காட்டப்படுகிறது. தேசிய அணிக்காக யன்னாகிஸ் ஆடியவை 351 ஆட்டங்கள். எடுத்தவை 5,301 புள்ளிகள். காலிஸ் மிகக் குறைந்த ஆட்டங்களில், 168இல், 5,163 எடுத்தார் என்பதையும் உடன் வைத்துப் பார்த்தால் இருவரின் குணமும் ஒரே வரியில் விளங்கும்: ஒருவர் அடர்த்தி, மற்றவர் நீடிப்பு.

இனி இந்த மதிப்பீட்டின் மையத்துக்கு வருகிறேன். வீரர் யன்னாகிஸைக் காட்டுவதில் இந்தச் சேவை நன்றாகவே தேர்ந்தது. பயிற்சியாளர் யன்னாகிஸைக் காட்டுவதில் அது பெரிதும் ஏமாற்றியது. காரணம் எளிமையானது. புதிய பதிவுகளில், பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தி வீரர்களிடம் பேசும் டைம் அவுட்களை வெட்டிவிடுகிறார்கள். விசில் ஊதுகிறது, வீரர்கள் பெஞ்சை நோக்கி நடக்கிறார்கள், அடுத்த நொடியில் பந்து மறுபடி களத்துக்குள் வீசப்படுகிறது. விளம்பர இடைவேளையை நீக்கும்போது அதோடு சேர்த்து இதையும் நீக்கிவிட்டார்கள் போலும். ஆட்டத்தை மட்டும் பார்க்க விரும்புபவருக்கு இது வசதியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒரு பயிற்சியாளரின் வேலை கண்ணுக்குத் தெரிகிற அந்த ஒரு நிமிடத்தை எடுத்துவிட்டு, அதற்கு ‘முழு ஆட்டம்’ என்று பெயரிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சேவையின் உதவிப் பகுதிக்கு இரண்டு முறை எழுதினேன். முதல் கடிதத்துக்குப் பொதுவான நன்றி வந்தது, இரண்டாவதற்குப் பதில் இல்லை. பயிற்சியில் ஆர்வமுள்ளவர்கள் சந்தா செலுத்துமுன் இலவசமாகக் கிடைக்கும் ஓர் ஆட்டத்தைத் திறந்து, டைம் அவுட் வரும் இடத்தைக் கண்டிப்பாகச் சரிபார்க்க வேண்டும்.

டைம் அவுட் இல்லாத நிலையில், ஆட்கள் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் வைத்தே அவருடைய சிந்தனையை ஊகிக்க வேண்டியிருந்தது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு யார் எப்போது மாற்றப்படுகிறார், அடுத்த நான்கு தாக்குதல்கள் எப்படி மாறுகின்றன என்று குறித்துக்கொண்டே பார்த்தேன். மெனக்கெட்ட வேலைதான், ஆனால் அதன் பலன் பெரியது.

யன்னாகிஸ் முதலில் 1997–98இல் தேசிய அணியைப் பயிற்றுவித்தார். 1998இல் ஏதென்ஸில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் கிரீஸ் நான்காம் இடம் பெற்றது. பின்னர் ஏதென்ஸின் வடபுறத்தில் உள்ள மருசி கழகத்தை 2002 முதல் 2006 வரை பயிற்றுவித்தார். பெரிய கழகங்களின் பணபலம் இல்லாத அந்த அணி 2004இல் லீக் இறுதி வரை வந்தது. அங்கே அவர் கையில் வளர்ந்த இளைஞர்களுள் ஒருவர் வாசிலிஸ் ஸ்பனூலிஸ். 2004இல் தேசிய அணியை மீண்டும் ஏற்றுக்கொண்டபோது, எந்த வீரர் எந்த நெருக்கடியில் எப்படி நடந்துகொள்வார் என்பதை அவர் கழக ஆட்டங்களின் வழியாகவே நன்கு அறிந்திருந்தார். ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம். அடுத்த ஆண்டு தங்கம்.

2005 ஐரோப்பியப் போட்டியின் அரையிறுதியில், கடைசி நிமிடத்தில் பிரான்ஸைவிடப் பின்தங்கியிருந்த கிரீஸ் அந்த இடைவெளியை அடைத்து, டிமிட்ரிஸ் டியமாண்டிடிஸ் போட்ட மூன்று புள்ளியால் 67–66 என்று வென்றது. பெல்கிரேடில் நடந்த இறுதியில் ஜெர்மனியை 78–62 என்று தோற்கடித்தது. அந்தப் போட்டியின் மிகச் சிறந்த வீரர் விருதும் அதிகப் புள்ளிகளும் தோற்ற அணியின் டிர்க் நோவிட்ஸ்கிக்கே சென்றன. தங்கம் வென்ற அணியில் அவருக்கு நிகராகச் சொல்ல ஒரு தனிப்பெயர் இல்லை. இதைக் கிரீஸின் குறையாக நான் பார்க்கவில்லை. யன்னாகிஸ் திட்டமிட்டுக் கட்டியதே இப்படிப்பட்ட அணியைத்தான். தியோ பாப்பலூகாஸ் அன்று ஐரோப்பாவின் மிகச் சிறந்த பாயிண்ட் கார்டுகளுள் ஒருவர்; அவரைத் தொடக்க ஐவரில் வைக்காமல் பெஞ்சிலிருந்து இறக்குவதை யன்னாகிஸ் வழக்கமாக வைத்திருந்தார். எதிரணியின் தடுப்பு எப்படி அமைந்திருக்கிறது என்று சில நிமிடங்கள் வெளியிலிருந்து பார்த்த பிறகு உள்ளே வரும் பாப்பலூகாஸ், முதல் தாக்குதலிலேயே அதன் பலவீனத்தைத் தொடுகிறார். காலிஸுக்காகத் தம் இடத்தைச் சுருக்கிக்கொண்ட ஒருவர் கேட்டதால்தான் அந்தத் தரமுடைய வீரர் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார் என்று நான் நம்புகிறேன்.

2006 செப்டம்பர் 1 அன்று ஜப்பானின் சைதாமாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் அரையிறுதி, சந்தாப் பணம் முழுவதையும் ஒரே ஆட்டத்தில் திருப்பித் தந்துவிடக்கூடியது. அமெரிக்க அணியில் லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் பால், டுவைட் ஹோவர்ட். கிரேக்க அணியில் அந்த நாளில் என்பிஏவில் ஆடிக்கொண்டிருந்தவர் ஒருவரும் இல்லை. ஸ்பனூலிஸ் மட்டும் அடுத்த பருவத்துக்கு என்பிஏவின் ஹூஸ்டன் அணிக்குச் செல்ல ஒப்புக்கொண்டிருந்தார். நிகோஸ் சிசிஸ் குழு ஆட்டத்திலேயே முகத்தில் முழங்கை பட்டுக் காயமுற்று வெளியேறியிருந்தார். இரண்டாம் கால்பகுதியில் அமெரிக்கா 12 புள்ளிகள் முன்னால் போனது. அப்போது பார்ப்பவருக்கு முடிவு தெரிந்துவிட்டதுபோல் இருக்கும்.

அதன்பின் நடந்ததை விவரிப்பதற்குச் சற்று இடம் எடுத்துக்கொள்கிறேன். கிரீஸ் புதிதாக எதையும் செய்யவில்லை. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, களத்தின் நடுவில், பெரிய உடல்காரர் ஒருவர் வந்து திரைபோல நிற்கிறார்; பந்துக்காரர் அவரை உரசிக்கொண்டு போகிறார்; திரை நின்றவர் திரும்பிக் கூடையை நோக்கி உருள்கிறார். பிக் அண்ட் ரோல் என்று கூடைப்பந்து கற்ற எல்லோரும் முதல் ஆண்டிலேயே அறிந்துகொள்ளும் செயல். பந்து பாப்பலூகாஸ் கையில். உருள்பவர் 21 வயது சோஃபோக்லிஸ் ஸ்கோர்ட்சானிடிஸ். அவர் பின்னால் நிற்பவருக்கு முன்னே என்ன நடக்கிறது என்று தெரியாது. அவ்வளவு அகன்ற உடல். தடுப்பவர்கள் இருவரும் பந்தை நோக்கிப் போனால் ஸ்கோர்ட்சானிடிஸ் கூடையடியில் தனியாக நிற்கிறார். அவரை அடைக்க மூன்றாமவர் உள்ளே இறங்கினால், மூலையில் மிகாலிஸ் கக்கியூசிஸோ ஸ்பனூலிஸோ மூன்று புள்ளிக்குத் தயாராக இருக்கிறார். ஒருவரும் இறங்காவிட்டால் பாப்பலூகாஸே உள்ளே போகிறார். ஒவ்வொரு முறையும் அமெரிக்கத் தடுப்பு வேறொரு பதிலைத் தேடுகிறது. ஒவ்வொரு பதிலுக்கும் கிரீஸிடம் ஏற்கெனவே ஆள் நிற்கிறது. இடைவேளையில் 45–41, மூன்றாம் கால்பகுதி முடிவில் 77–65, இரண்டிலும் முன்னிலை கிரீஸுக்கு. இறுதியில் 101–95.

இந்த ஆட்டத்தின் ஹைலைட்ஸ் காணொளிகள் இணையத்தில் நிறைய உண்டு. அவற்றில் லெப்ரான் பறப்பதும் ஸ்கோர்ட்சானிடிஸ் பந்தைத் திணிப்பதும் இருக்கும். ஒரே செயல் தொடர்ந்து பல முறை வருவது அவற்றில் இருக்காது. திரும்ப வருவதைத்தானே தொகுப்பாளர் முதலில் வெட்டுவார். ஆனால் அன்று வென்றதே அந்தத் திரும்ப வருதல்தான். முழுப்பதிவில் மூன்றாம் கால்பகுதியைப் பார்க்கும்போது, அடுத்து என்ன வரப்போகிறது என்று பார்வையாளருக்கும் தெரிகிறது, அமெரிக்க வீரர்களுக்கும் தெரிகிறது, ஆனாலும் தடுக்க முடியவில்லை. நான் உட்கார்ந்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

புள்ளிப் பட்டியலில் ஸ்பனூலிஸ் 22, கக்கியூசிஸ் 15, ஸ்கோர்ட்சானிடிஸ் 14, டியமாண்டிடிஸ் 12. பாப்பலூகாஸுக்கு எட்டே புள்ளிகள், ஆனால் 12 அசிஸ்ட்கள், அதாவது கூடையில் முடிந்த பாஸ்கள். அமெரிக்காவின் பக்கம் ஆன்டனி 27 எடுத்தார். அவர்கள் 34 ஃப்ரீ த்ரோக்களில் 14ஐத் தவறவிட்டார்கள் என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாம் யன்னாகிஸின் திறமையால் மட்டும் நிகழ்ந்தது என்று சொல்வது மிகையாகிவிடும். ஆட்டத்துக்குப் பின் அமெரிக்கப் பயிற்சியாளர் மைக் சஷெவ்ஸ்கி கிரேக்க வீரர்களைப் பெயரால் அல்லாமல் சட்டை எண்களால் குறிப்பிட்டுப் பேசினார். அது அவமதிப்பு என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அதில் கோபம் வரவில்லை. எந்தப் பெயரும் தனித்து நிற்காதபடி கட்டப்பட்ட அணிக்கு அதைவிடத் துல்லியமான பாராட்டை எதிரணி கொடுத்திருக்க முடியாது. அந்தத் தோல்விக்குப் பிறகு, என்பிஏ வீரர்களோடு இறங்கிய உலகப் போட்டிகளிலும் ஒலிம்பிக்கிலும் அமெரிக்கா மறுபடி தோற்றது 2019இல், பிரான்ஸிடம்.

இரண்டு நாள் கழித்து நடந்த இறுதி ஆட்டத்தையும் நான் பார்த்தேன். பார்க்கும்படி உங்களுக்கும் சொல்வேன். காயத்தால் தன் நட்சத்திர வீரர் பாவ் கசோல் இல்லாமலேயே ஸ்பெயின் 70–47 என்று வென்றது. அரையிறுதியில் வேலை செய்த அதே செயலை ஸ்பெயின் முதல் நிமிடத்திலிருந்தே முறித்தது. மாற்று வழி எதுவும் கிரீஸிடம் வெளிப்படவில்லை. 101 எடுத்த அணி 47இல் நின்றது. பயிற்சியாளர் யன்னாகிஸிடம் எனக்குள்ள ஒரே பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. தாம் நம்பியதைத் திரும்பத் திரும்பச் செய்து வெல்லத் தெரிந்தவருக்கு, அது உடைந்தபோது விரைவாகக் கைவிடத் தெரியவில்லை. இந்த ஆட்டத்தில் டைம் அவுட்கள் வெட்டப்பட்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. அந்த இடைவெளிகளில் அவர் என்ன சொன்னார் என்பதுதான் நான் தெரிந்துகொள்ள விரும்பியது.

தேசிய அணியோடு 2007இல் ஐரோப்பாவில் நான்காம் இடமும் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடமும் பெற்று அவர் விலகினார். பெய்ஜிங் காலிறுதியில் அர்ஜென்டினாவிடம் 80–78 என்று தோற்ற ஆட்டம் பார்க்கத் தகுந்தது. இதற்கிடையே ஒலிம்பியாகோஸ் கழகத்தையும் ஏற்றிருந்தார். 2009இல் ஐரோப்பிய இறுதி நால்வரில் பனதினைக்கோஸிடம் 84–82 என்று தோல்வி. 2010 இறுதியில் பார்சிலோனாவிடம் 86–68 என்று தோல்வி. பின்னர் பிரான்ஸில் லிமோஜ், அதன்பின் சீனத் தேசிய அணி. சீனாவோடு 2013 ஆசியச் சாம்பியன்ஷிப்பில் காலிறுதியில் சீன தைபேயிடம் தோற்று ஐந்தாம் இடத்தோடு திரும்பியது அவருடைய வாழ்க்கையின் மிகக் கடினமான பக்கம். மொழியும் பழக்கமும் வேறான வீரர்களிடம், பல ஆண்டு நெருக்கத்தால் கிரீஸில் அவருக்குக் கிடைத்த நம்பிக்கை கிடைக்கவில்லை என்று நான் கருதுகிறேன். அவருடைய முறைக்கு அந்த நெருக்கம் அடித்தளம். அது இல்லாத இடத்தில் முறை நிற்கவில்லை.

சேவையின் மற்ற அம்சங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேடல் வசதி மோசம்: கிரேக்கப் பெயர்களை ஒவ்வொரு பதிவிலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார்கள், அணியையும் ஆண்டையும் கொண்டு தேடுவதே வழி. வர்ணனை பெரும்பாலும் கிரேக்க மொழியில். அது எனக்குப் புரியாது. ஆனாலும் ஒலியை நிறுத்த மனம் வரவில்லை. 1987 இறுதியில் கம்பூரிஸ் கோட்டில் நிற்கும்போது அரங்கின் ஒலியைக் கேட்கத்தான் வேண்டும். பதிவுகளோடு புள்ளிப் பட்டியல் இணைக்கப்படவில்லை. அதற்குச் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் இணையப் பக்கத்தை நாடலாம். தேசிய அணிகளின் பழைய போட்டி முடிவுகளை அங்கே கட்டணமின்றிப் பார்க்க முடிகிறது. பட்டியலை ஒரு பக்கமும் பதிவை ஒரு பக்கமும் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பதே சிறந்த வழி என்பது என் அனுபவம். வேகத்தைக் குறைத்து ஓட்டும் வசதி நன்றாக இருக்கிறது. பிக் அண்ட் ரோலைக் கற்க விரும்பும் இளம் வீரர்களுக்கு 2006 அரையிறுதியின் மூன்றாம் கால்பகுதியைப் பாதி வேகத்தில் ஓட்டிக் காட்டும்படி பயிற்சியாளர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

பிடித்த வீரரின் கூடைகளை மட்டும் பார்க்க விரும்புபவருக்கு இந்தச் சந்தா தேவையில்லை. இலவசக் காணொளிகளே போதும். ஓர் அணி எப்படிக் கட்டப்படுகிறது, ஒரு வீரர் எப்படிப் பயிற்சியாளராக மாறுகிறார் என்று அறிய விரும்புபவருக்கு, டைம் அவுட் குறையோடு சேர்த்துப் பார்த்தாலும், தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். 5க்கு 3½ கொடுக்கலாம். அந்த ஒரு நிமிடங்களைத் திருப்பித் தந்தால் 4½.

2025 செப்டம்பரில் ரிகாவில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் பின்லாந்தை 92–89 என்று வென்று கிரீஸ் வெண்கலம் பெற்றது. 2009க்குப் பிறகு அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் ஐரோப்பியப் பதக்கம். அன்று களத்தின் ஓரத்தில் தலைமைப் பயிற்சியாளராக நின்றவர் ஸ்பனூலிஸ், மருசியில் யன்னாகிஸ் வளர்த்த அதே இளைஞர். அந்த ஆட்டத்தின் பதிவும் சேவையில் வந்திருக்கிறது. அதிலும் டைம் அவுட்கள் இல்லை. சந்தாவைப் புதுப்பித்துவிட்டு, மூன்றாவது கடிதத்தையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.